பல வீடு சேர்ந்த ஓர் அறை

எங்கள் மாடி அறைக்குப் புதிதாக வாங்கியவை சிமென்ட், மணல், கொஞ்சம் சுண்ணாம்பு, மின்சார ஒயர், போர்டு, சுவிட்சு, தண்ணீர்ப் பைப், திருகாணி. அவ்வளவுதான். கதவு, நிலை, ஜன்னல், செங்கல், கைமரம், ஓடு, தரை, மேசை, வாஷ்பேசின் என்று மிச்சம் அத்தனையும் வேறு யார் வீட்டிலோ ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு எங்களிடம் வந்தவை. உள்ளே வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆச்சு?" என்றுதான். சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இதே அளவு அறையைப் புதுச் சாமானில் கட்ட மேஸ்திரி போட்டுக் கொடுத்த மதிப்பில் பாதிகூட ஆகவில்லை. அந்தப் பாதி எனக்குப் பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கிறங்க வைத்திருப்பது வேறு. இந்த அறையில் இருக்கும் மரத்தைப் போன்ற மரத்தை எத்தனை லட்சம் கொட்டினாலும் இன்று புதிதாக வாங்கவே முடியாது. சிக்கனம் பார்க்கப் போன இடத்தில், கோடீஸ்வரர்களுக்கும் கடையில் கிடைக்காத பொருள் என் கைக்கு வந்தது. இதை நாலு பேரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மரத்திலிருந்தே தொடங்குகிறேன். நூறு வருஷத்துக்கு முன் சென்னையிலும் செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் வசதியாக வீடு கட்டியவர்கள் பர்மா தேக்கைப் போட்டார்கள். காட்டில் தானாக முளைத்து, மற்ற மரங்களோடு வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மெதுவாக வளர்ந்த தேக்கு அது. யானைகள் இழுத்து வந்த கட்டைகளை ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து கப்பலேற்றினார்கள். மெதுவாக வளர்ந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். வைரம் பாய்ந்த பாகம் அதிகம். மரத்துக்குள்ளேயே ஊறிய எண்ணெய்ப் பசை கரையானை அண்டவிடாது. இன்று கடையில் தேக்கு என்று கிடைப்பதில் பெரும்பகுதி தோட்டத்தில் நட்டு, சீக்கிரம் வளர்த்து, சீக்கிரம் வெட்டியது. வளையங்கள் அகல அகலமாக இருக்கும், ஓரத்து வெளிர் மரமும் சேர்ந்தே வரும். மியான்மரும் 2014-இல் தேக்கை உருட்டுக் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆக, அந்தப் பழைய மரம் நமக்கு மிச்சமிருப்பது ஓரிடத்தில்தான்: இடிபடும் வீடுகளில்.

சென்னையில் அப்படி வீடு இடிபடாத வாரம் கிடையாது. மாம்பலம், மயிலாப்பூர், புரசைவாக்கம் என்று எங்கே பார்த்தாலும் தனி வீடு போய் அடுக்குமாடி வருகிறது. மனசுக்குக் கஷ்டமான காட்சி. ஆனால் அந்த வீடுகளில் பலவற்றின் தலைக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் இருக்கிறது. இப்போதைய காங்கிரீட் தளம் மாதிரி இல்லை அது. மரச் சட்டங்களை வரிசையாகச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டித் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளத்தை உடைக்கும்போது உள்ளிருந்து சட்டம் சட்டமாகத் தேக்கு இறங்கும்! வெயில் படாமல், மழை படாமல், இரண்டு மூன்று தலைமுறை அசையாமல் கிடந்து காய்ந்த மரம். புது மரம் வாங்கினால் காயவைக்க வேண்டும், அதற்குப் பிறகும் மழைக்காலத்தில் உப்பிக் கதவு இறுகும், கோடையில் சுருங்கி இடைவெளி விடும். இந்தச் சட்டங்கள் சுருங்குவதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டன.

வீடு இடிக்கும் கான்டிராக்டர்களின் கணக்கே தனி. நல்ல மரமுள்ள வீடென்றால் இடிப்பதற்கு அவர்கள் கூலி வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் சாமானுக்காக வீட்டுக்காரருக்கு அவர்களே பணம் கொடுத்து எடுக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இடிப்பு நடப்பதைப் பார்த்து உள்ளே போய் விசாரித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அங்கே மாட்டி நின்ற நான்கு பலகை ஜன்னல்கள் இரண்டைக் காட்டி விலை கேட்டேன். "ஜோடியா எடுத்துக்கோம்மா, தனியா பிரிக்க மாட்டேன். கடைக்குப் போயிட்டா இந்த ரேட் கிடையாது," என்றார். உண்மைதான். இடிக்கிற இடத்தில் ஒரு விலை, அவர்கள் குடோனில் ஒரு விலை, பாலிஷ் போட்டுப் பழம்பொருள் என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் முற்றிலும் வேறு விலை. மரம் ஒன்றுதான். சுத்தியல் சத்தம் கேட்கும் இடத்திலேயே வாங்கிவிடுவதில் இருக்கிற ஆனந்தம் இருக்கிறதே!

அந்த ஜோடி ஜன்னல் வந்த பிறகு எங்கள் அறையின் பிளானே மாறியது. வழக்கமாகப் பிளான் போட்டு, அதில் நாலுக்கு நாலு ஜன்னல், மூன்றுக்கு ஏழு கதவு என்று எழுதி, அந்த அளவுக்குச் சாமான் தேடுவோம். பழைய சாமானில் இது நேர்மாறு. பொருள் முதலில், சுவர் பிறகு. ஜன்னல் இன்ன உயரம், ஆகவே திண்டு இன்ன உயரம். கைமரம் இன்ன நீளம், ஆகவே அறையின் அகலம் இவ்வளவு. கிடைத்த நீளமான சட்டம் பதினோரு அடியும் சொச்சமும், அதை வெட்ட மனசே வரவில்லை, அறை அதற்கேற்ப அமைந்தது. எங்கள் இன்ஜினீயர் முதலில் இதற்கு முகம் சுளித்தார். பிறகு அவருக்கே பிடித்துப்போய், "இன்னும் என்னென்ன வரப்போகுது, வந்தப்புறம் கோடு போடறேன்," என்று காத்திருந்தார். அவரை நான் விடாப்பிடியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மொட்டை மாடியில் எடை ஏற்றும் விஷயத்தில் ஊகம் கூடாது. கீழே சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் சுவர் வர வேண்டும் என்றும், காங்கிரீட் கூரைக்குப் பதில் மரமும் ஓடும் போட்டால் பாரம் நிறையக் குறையும் என்றும் கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர்.

கதவுக்காகக் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. உள்ளே நுழைந்தால் நேரம் போவதே தெரியாது. ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் அடுக்குகள், ஜப்பான் பூ ஓடுகள், பர்மா அரக்குப் பாத்திரங்கள், ஊறுகாய்ப் பீங்கான் ஜாடிகள், ரவி வர்மா பட அச்சுகள், கூரை வரை அடுக்கிய தூண்கள், கதவுகள், பெட்டகங்கள். கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் சேர்த்தது இங்கே வந்து இறங்கியிருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியவை. அப்படியும் வீடுகள் இடிபடத்தான் செய்கின்றன. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்றுவதற்கே பெருந்தொகை வேண்டும்.

நான் தேடியது சிற்பம் செதுக்கிய முன்வாசல் கதவை அல்ல. அதற்கு விலை வானத்தில் இருக்கிறது, நம் அறைக்கு அது பொருந்தவும் பொருந்தாது. பின்கட்டுக் கதவு, தானிய அறைக் கதவு, மாடிப்படிக் கதவு என்று வேலைப்பாடு இல்லாத சாதாரணக் கதவுகள் கடையின் பின்புறத்தில் சாய்ந்து கிடக்கும். அங்கேதான் போக வேண்டும். ஒரு ஒற்றைக் கதவைக் காட்டி, "தூக்கிப் பாருங்கக்கா," என்றார் கடைக்காரர். தூக்க முடிந்தால்தானே! இரண்டே பலகை, ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் அகலம். இந்த அகலத்தில் ஒரே பலகை அறுக்க எவ்வளவு பெரிய மரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அது குடுமிக் கதவு. கீல் கிடையாது, கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். அதனால் இப்படிப்பட்ட கதவை நிலையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும், கதவை மட்டும் வாங்கினால் பாதிப் பொருள்தான். நிலை, கதவு, நாதாங்கி, கைப்பிடி உருளை எல்லாம் சேர்த்து, லாரி வாடகையையும் போட்டுப் பார்த்தால், சென்னையில் ஒரு புதுத் தேக்குக் கதவுக்கு ஆகிற விலையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு!

பழைய மரம் வாங்கும்போது கையில் ஒரு நீள ஆணியும் ஒரு டார்ச்சும் இருந்தால் போதும். நிலையின் கால் தரையில் புதைந்திருந்த இடத்தில்தான் முதலில் உளுக்கும். அங்கே ஆணியைக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஆணி நுழையாது. நுனி மட்டும் கெட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அந்த அளவை அறுத்துவிட்டு அடியில் கருங்கல் வைத்து உயரத்தைச் சரிக்கட்டலாம்; எங்கள் நிலைக்கு ஆசாரி அப்படித்தான் செய்தார், இனி ஈரம் மரத்தைத் தொடவே தொடாது. சட்டங்களில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகளும் அதைச் சுற்றி மாவும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, அதை வாங்கவே கூடாது. விரல் முட்டியால் தட்டினால் கெட்டியான சத்தம் வர வேண்டும். இன்னொன்று, அறுவை மில்லில் கொடுப்பதற்கு முன்னால் சட்டத்தில் ஒளிந்திருக்கும் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேல் இழுத்துக்கொண்டே போனால் தெரிந்துவிடும்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பழைய கதவு ஜன்னல்களில் அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு காய்ந்த பெயின்டைத் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பெயின்ட் ரிமூவர் தடவி, மாஸ்க் போட்டு, ஈரமாகவே வழித்து, வழித்ததைக் காகிதத்தில் சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும். இத்தனை எச்சரிக்கையோடு செய்தபோதும் அந்த வேலை எனக்கு அலுக்கவே இல்லை. பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே தேன் நிறத்தில் மரம். அந்தத் தேன் நிறம் முதல்முறை வெளியே வந்த மத்தியானத்தில் நான் வீட்டிலிருந்த எல்லோரையும் மாடிக்கு இழுத்துவந்து காட்டினேன். வார்னிஷ் போடவில்லை. ஹார்டுவேர் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டு வாங்கி, டர்பன்டைன் கொஞ்சம் கலந்து, பழைய பருத்தித் துணியால் தேய்த்து, ஊறவிட்டு, துடைத்து, மறுபடி தேய்த்தோம். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

செங்கல்லுக்கு வருவோம். பழைய செங்கல் வாங்கினேன் என்றதும் சிரித்தவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரிலிருந்து செங்கல்லை முழுசாகப் பிரிக்கலாம். சுண்ணாம்பு கல்லைவிட மெதுவானது. கொத்துக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டினால் பொருக்கு விட்டுவிடும், கல்லுக்கு ஒரு சேதமும் இல்லை. சிமென்ட் சாந்து கல்லைவிட இறுக்கம். பிரிக்கப் போனால் கல்தான் உடையும். அதாவது நம் தாத்தாக்கள் கட்டிய வீட்டின் செங்கல் திரும்ப உபயோகப்படும், நாம் இன்று கட்டும் வீட்டின் செங்கல் ஜல்லிக்குத்தான் ஆகும். இதை எண்ணி எண்ணி நான் வியந்து போயிருக்கிறேன். வந்திறங்கிய கற்களை இரண்டு சித்தாள் அக்காமார்கள் உட்கார்ந்து தட்டித் தட்டி அடுக்கினார்கள். முனை மழுங்காதவற்றைத் தனியே பொறுக்கி மேற்குச் சுவரை எலிப்பொறிக் கட்டில் எழுப்பினோம். கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் கூடு விட்டுக் கட்டும் முறை அது. கால்வாசிச் செங்கல் மிச்சம், நடுவில் சிறைப்பட்ட காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடுவதில்லை. பூசவும் இல்லை.

இந்த எலிப்பொறிக் கட்டை எங்களூர்க் கொத்தனார்களுக்குக் காட்டிக்கொடுக்கும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், லாரி பேக்கரிடமிருந்து. 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர். எலிப்பொறிக் கட்டைக் கேரளம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போயிருக்கிறீர்களா? தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேசையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை, செங்கல் இடைவெளி வழியாகக் காற்று பாயும். அங்கே உட்கார்ந்து காபி குடித்தபோது சிக்கனம் இவ்வளவு அழகாக இருக்குமா என்று மலைத்துப்போனேன். அதே ஊரில் நாலாஞ்சிறையில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீட்டில் உடைந்த ஓடு, கண்ணாடிப் புட்டி, இடித்த வீட்டு மரம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். எறியப்பட்ட எதையும் சாமானாகப் பார்த்த கண் அது. இந்த நாட்டில் வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அவர் கட்டடம் ஒன்றுக்குள் நின்று பார்க்க வேண்டும்.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு வித்தை எங்கள் மாடிக் குளியலறையின் கூரையில் இருக்கிறது. காங்கிரீட் தளத்தில் அடிப்பாகம் இழுபடுகிறது, மேல்பாகம் அமுங்குகிறது. இழுவையைத் தாங்குவது கம்பி. அடிப்பாகத்துக் காங்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கும் பாரம்தான். அந்தப் பாரத்துக்குப் பதிலாகக் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துவிட்டால் காங்கிரீட் மிச்சம், எடை குறைவு, இரும்பும் குறைவு. ஓடுகளுக்கு நடுவிலிருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். கம்பி எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதை இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். அடியில் பூசாமல் விட்டிருக்கிறோம், நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகச் சிவப்பு ஓடுகளின் முதுகு தெரியும். குளிக்கப் போன விருந்தாளிகள் வெளியே வந்து முதலில் பேசுவது அந்தக் கூரையைப் பற்றித்தான்.

ஓடு என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது, அறையின் கூரைக்கு வாங்கிய ஓடுகளின் அடிப்பக்கத்தைப் படிப்பதே ஒரு தனி இன்பம். சீமை ஓடு ஒவ்வொன்றிலும் ஆலையின் பெயரும் ஊரும் முத்திரையாக இருக்கும். பாசல் மிஷன் பாதிரிமார்கள் 1860-களில் மங்களூரில் இந்த ஓட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள்; ஆறு கொண்டுவந்து போட்ட களிமண் அங்கே ஏராளம். பிறகு கோழிக்கோடு, பெரோக் என்று பரவியது. முதல் உலகப் போருக்குப் பின் அவர்களுடைய ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்டின் கைக்குப் போயின. ஆக முத்திரையைப் பார்த்தே ஓட்டின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். வாங்கும்போது இந்த முத்திரை வேறு ஒரு விதத்தில் மிக முக்கியம். ஓர் ஆலையின் ஓடு இன்னொரு ஆலையின் ஓட்டோடு சரியாகக் கவ்வாது, இடுக்கில் மழை இறங்கும். ஒரே முத்திரையாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல். பாசியைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டதும் செம்பருத்தி மாதிரி சிவந்தன. ஓட்டை முதலில் வைத்துப் பார்த்து அதன் அளவுக்குத்தான் ரீப்பர் அடித்தார் ஆசாரி. நாலைந்து இடத்தில் கண்ணாடி ஓடும் போட்டோம். காலையில் அந்த வெளிச்சம் தரையில் நகர்ந்துகொண்டே போகும்.

தரைக்கு வருகிறேன். ஆத்தங்குடிக் கற்களின் கைப்பக்குவம் பலருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டங்களில் நிறச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரியும்போதே பளபளப்பு வந்துவிடும். எல்லாவற்றையும் முழுக் கல்லாக வாங்கும் வசதி எனக்கு இல்லை. மூலை உடைந்தவை, நிறம் கொஞ்சம் மாறியவை, யாரோ வீட்டில் போட்டதுபோக மீந்தவை என்று சேர்த்தேன். அறையின் நடுவில் மீந்த முழுக் கற்கள், ஒரு டிசைனுக்கு இன்னொரு டிசைன் சம்பந்தமில்லாமல். சுற்றிலும் சிவப்பு ஆக்சைடு. கோலத்தில் பூசணிப்பூ வைத்த களை வந்துவிட்டது அந்த இடத்துக்கு!

மொட்டை மாடியின் மிச்ச இடத்துக்கு வெள்ளை டைல்ஸ் சில்லுகள். டைல்ஸ் கடைகளின் பின்னால் உடைந்தது மூட்டை மூட்டையாகக் கிடக்கும், லாரியில் ஏற்றிக் கொட்ட அவர்களே கூலி கொடுக்கிறார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்றால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். சாந்து விரித்து, சில்லுகளை நெருக்கமாகப் பதித்து, வெள்ளைச் சிமென்டால் இடுக்கை அடைத்தால் மழைத் தண்ணீர் இறங்காது, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீழே அறை குளிர்ந்திருக்கும். கோடை ராத்திரிகளில் எங்கள் கீழ் அறையில் முன்பு இருந்த அனல் இப்போது இல்லை; காற்றாடி ஓடினால் நிம்மதியாகத் தூங்குகிறோம். அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் பி. வி. தோஷி தன் அலுவலகமான 'சங்காத்'தின் வளைவுக் கூரைகளை முழுக்க இப்படிச் சில்லுகளால் மூடியிருக்கிறார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடித்த கட்டடங்களின் உடைசல், பீங்கான், வளையல் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து, அரசாங்கத்துக்குத் தெரியாமலே வருஷக்கணக்கில் ஒரு தோட்டம் செய்தார். அது 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்படிப்பட்டவர்களின் வழியில் நம் மொட்டை மாடியும் சேர்கிறது என்பதே எனக்குப் பெருமை.

சின்னச் சாமான்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோடு நெடுக விரித்து வைத்திருப்பார்கள். பித்தளைக் குழாய், கனமான இரும்புத் தாழ்ப்பாள், பீங்கான் சுவிட்சு மூடி, இழைப்புளி, உளி, தையல் மெஷின் கால். இந்தத் தையல் மெஷின் கால்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சிங்கர், உஷா என்று பெயர் வார்த்த அந்த வார்ப்பிரும்பு அடிப்பாகத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் சட்டத்திலிருந்து அறுத்த பலகையைப் பொருத்தினால் ஆயுசுக்கும் ஆடாத மேசை. இதை எழுதுவதும் அதன் மேல்தான், கால் தன்னால் மிதியை ஆட்டிக்கொண்டிருக்கிறது. பித்தளை உருளி ஒன்று அடியில் ஓட்டை போட்டு வாஷ்பேசின் ஆகிவிட்டது. அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலைகள் ஜன்னல் திரையாயின, மிச்சம் பழந்துணி மெத்தைக்குள் போயின. இருபது லிட்டர் பெயின்ட் வாளிகளில் கறிவேப்பிலையும் தூதுவளையும்.

பழசில் எனக்குள்ள மோகத்துக்கும் எல்லை உண்டு. ஒயர், மின்சார போர்டு, தண்ணீர்ப் பைப் எல்லாம் புதிதுதான். பழைய சுவிட்சின் அழகுக்காக மூடியை மட்டும் வாங்கி உள்ளே புதியதைப் பொருத்தலாம். சிலை, சிற்பம் பக்கமே போக வேண்டாம். நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, எங்கிருந்து பெயர்த்தது என்ற கேள்வியும் இருக்கிறது. அதேபோல், நன்றாக நிற்கும் வீட்டிலிருந்து தூணை மட்டும் உருவி விற்கிறார்கள் என்று தெரிந்தால் நான் கடையை விட்டு வெளியே வந்துவிடுவேன். இந்தச் சாமான்களுக்கு முதல் உரிமை அவை நிற்கும் வீட்டுக்கே. அந்த வீட்டைக் காப்பாற்ற ஆளில்லாமல் போன பிறகுதான் நம் முறை வருகிறது.

அறை முடிந்தது, வேட்டை முடியவில்லை. இப்போது தேடுவது ஒரு ஊஞ்சல் பலகை. ஒரே பலகையாக, ஆறடி நீளத்துக்குக் குறையாமல், இரண்டடி அகலமாவது இருக்க வேண்டும். தேக்கோ, பலாவோ, எதுவானாலும் சரி. சங்கிலி பித்தளையாக இருக்க வேண்டியதில்லை, இரும்பே போதும், துருப் பிடித்திருந்தாலும் நான் தேய்த்துக்கொள்வேன். கூரை உத்திரத்தில் கொக்கி ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. உங்கள் தெருவில் ஏதாவது பழைய வீட்டின் முன்னால் ஜல்லி லாரியும் கடப்பாரை ஆட்களும் வந்து நின்றால், நீங்கள் முதலில் உள்ளே போய் உங்களுக்கு வேண்டியதைப் பாருங்கள். ஜன்னலை ஜோடியாகக் கேளுங்கள், நிலையை விட்டுவிட்டுக் கதவை வாங்காதீர்கள், சட்டங்களை எண்ணி உங்கள் பெயரைச் சொல்லி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஊஞ்சல் கண்ணில் பட்டால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை.